செட்டை வெட்டிய மணலை

இணுவிலில் வெங்காயத் தோட்டம் செய்யும் சைவ வீடு அது. அங்கே மீன் என்ற சொல்லைக்கூடச் சமையலறைக்குள் எடுப்பதில்லை. அந்த வீட்டுப் பிள்ளை இராசமலர் விலங்கியல் படித்து மீன் ஆராய்ச்சி உதவியாளராகப் போனது தாய் மீனாம்பிகைக்குக் கடைசிவரை செரிக்காத சங்கதி. மாலையில் சைக்கிள் வேலிப் படலைக்குள் நுழையும் முன்பே, "கிணத்தடிக்குப் போ! தோய்ஞ்சுபோட்டு உள்ளை வா" என்று குரல் வரும்.

வேலை மாரிக்கு மட்டுந்தான். மழை பெய்தால்தான் வழுக்கையாறு ஓடும். அது ஓடினால்தான் மணலை மீன் குஞ்சுகள் பரவைக்கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறும். அராலியில் ஆற்று வாயில் வலை கட்டி, குஞ்சுகளைப் பிடித்து அளந்து, இடப்பக்க வயிற்றில் துடுப்பாக இருக்கும் செட்டையை நறுக்கித் திரும்ப விடுவாள். அவை வளர்ந்து மீனவர் வலையில் பட்டால், ஆற்றுக்குள் போய்வந்தவற்றில் எத்தனை பிழைத்தன என்று தெரியும்.

1984இல் தொடங்கிய வேலை. 1986 மாரி வந்தும் செட்டை வெட்டிய மீன் ஒன்றைக்கூடக் கண்டதாக எவரும் சொல்லவில்லை. அவள் கரையெல்லாம் கேட்டுத் திரிந்தாள். "இல்லைப் பிள்ளை" என்பதே எல்லோருடைய மறுமொழியும். வெட்டுவது தாங்கள் என்று வெளியில் சொல்லக்கூடாது என்பது ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியரின் கட்டளை. சொன்னால் சன்மான ஆசையில் ஆட்கள் தாங்களே வெட்டிக்கொண்டு வருவார்களாம். இந்த மாரியிலும் மீன் வராவிட்டால் வேலையை மூடிவிடுவதாக அவர் சொல்லியிருந்தார்.

மூடினால் அவளுக்கு வீடுதான். தகப்பன் தம்பிராசா முன்பே தீர்த்துச் சொல்லிவிட்டார். "நாடு கிடக்கிற கிடையிலை குமர்ப்பிள்ளை அராலிக்குத் திரியிறதோ? வேலை இருக்குமட்டும் போ. பிறகு படலை தாண்டக்கூடாது."

கார்த்திகையில் ஒரு காலை. வலையடியில் நிற்கும்போது ஆமி முகாமிருந்த கோட்டைப் பக்கமிருந்து ஹெலிகொப்டர் வந்தது. இராசமலர் ஓடிப்போய் மதகுக்குள் புகுந்தாள். அவளுக்கு முன்பே அங்கே இருவர் குந்தியிருந்தார்கள். குருநகர் மீனவர் நீக்கிலாப்பிள்ளையும் மனைவி கத்தரீனாவும். முழங்கால் அளவு தண்ணீர். நிமிர இடமில்லை. மேலே ஹெலி போவதும் திரும்புவதுமாக இருந்தது. சுட்ட சத்தம் மதகுக்குள் இரண்டு மடங்காய்க் கேட்டது.

"சுவரோடை ஒட்டி இரு பிள்ளை" என்றாள் கத்தரீனா. "போறான் எண்டு நினைச்சு வெளிக்கிட்டிடாதை. உவன் சும்மா போறவனில்லை."

நேரம் போக்க நீக்கிலாப்பிள்ளை பறிக்கூடைக்குள் கைவிட்டு மீனைப் பிரித்தார். ஒரு மணலையை எடுத்தார், வயிற்றைப் பார்த்தார், சத்தமில்லாமல் தண்ணீரில் விட்டார். இராசமலர் கண்டுவிட்டாள்.

"அண்ணை! அதை ஏன் விட்டனீங்கள்? செட்டை வெட்டினதெல்லே அது?"

"மெல்லக் கதை தங்கச்சி. அது நேர்த்தி மீன். ஆரோ எங்கடை கோயில் புனிதர் யாகப்பருக்கெண்டு நேந்து வெட்டி விட்டது. தொடவும் கூடாது, கண்டதெண்டு சொல்லவும் கூடாது."

"ஐயோ, அதை வெட்டினது நானண்ணை!"

நீக்கிலாப்பிள்ளை அவளையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "கேட்டியேடி? கறிக்கு வழியில்லாத நாளிலையும் யாகப்பரெண்டு நினைச்சு இந்த மரக்கறிப் பிள்ளைக்கு மீன் விட்டுக்கொண்டிருந்திருக்கிறம்!"

கத்தரீனா சிரிக்கவில்லை. "எல்லாம் நீ வெட்டினதில்லைப் பிள்ளை. என்ரை சிமியோனை ஆமி பிடிச்சுக்கொண்டு போன அண்டைக்கு நானும் ஒண்டு வெட்டி விட்டனான். முதல் கண்ட நேர்த்தி மீனிலை எந்தப் பக்கம் வெட்டியிருந்ததோ, அந்தப் பக்கம். எங்கடை கரையிலை பிள்ளை பறிகுடுத்த தாய்மார் எல்லாம் விட்டிருக்கினம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அது ஓடித் திரியுமட்டும் அவனும் எங்கையோ இருக்கிறான்."

எது தன்னுடையது, எது அந்தத் தாய்மாருடையது என்று இனிப் பிரிக்க முடியாது. ஆனால் பேராசிரியருக்கு அது தெரியவராது. வெட்டிய மீன் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னால் போதும், அடுத்த மாரியும் அதற்கடுத்ததும் சைக்கிள் அராலிக்கு வரும்.

அவள் முகத்தைப் பார்த்த நீக்கிலாப்பிள்ளை, "இனிப் பட்டால் கொண்டந்து தரட்டே தங்கச்சி?" என்று கேட்டார்.

கத்தரீனா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாமண்ணை" என்றாள் இராசமலர். "வழக்கம்போல விடுங்கோ."

ஹெலி போய் வெகுநேரம் கழித்தே மூவரும் கால் விறைத்து வெளியே வந்தார்கள். மறுநாள் இராசமலர் பேராசிரியரிடம் உள்ளதைச் சொன்னாள். கணக்குக் கலங்கிவிட்டது, இனிப் பயனில்லை என்றார் அவர். வலையைச் சுருட்டி ஒப்படைத்தாள். தம்பிராசா சைக்கிளைக் கொட்டிலுக்குள் வைத்துப் பூட்டினார்.

அடுத்த மாரியில் யாருமே படலை தாண்டவில்லை. ஊரடங்கு. முற்றத்தில் வெட்டிய பங்கர் குழிக்குள் தாய், தகப்பன், மகள் மூவரும் முழங்கால் முட்டக் குந்தியிருந்தார்கள். மேலே மழை கொட்டியது.

"உந்த ஆறு இப்ப ஓடுமோ பிள்ளை?" என்று கேட்டார் தம்பிராசா.

"ஓடும் ஐயா. குஞ்சும் ஏறும்."

மீன் பேச்சென்றும் பாராமல் மீனாம்பிகை மகளோடு நெருங்கி உட்கார்ந்தாள்.