கேமரா எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

கேமரா மாட்டுகிறவனிடம் யாரும் திருடனைப் பற்றிப் பேசுவதில்லை. தெரிந்தவர்களைப் பற்றித்தான் பேசுவார்கள். ஏணியோடு வீடு வீடாக ஏறி இறங்கும் எலெக்ட்ரீஷியன், ஏ.சி. மெக்கானிக் நண்பர்களே, உங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும். அம்பத்தூர், ஆவடிப் பக்கம் திருட்டு கூடிவிட்டது என்கிறார்கள். நிஜமாகவே கூடிவிட்டதா, கேமராவில் தெரிவதால் கூடினதுபோல இருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் வியாபாரம் கூடியிருக்கிறது. அதை நினைத்துச் சந்தோஷப்படலாமா என்பதுதான் ஐம்பத்தைந்து வயதில் எனக்கு வந்திருக்கும் குழப்பம்.

பாரிவாக்கத்துப் புது வீடு

பாரிவாக்கத்தில் ஒருவர் புது வீட்டுக்குக் கேமரா கேட்டார். சுற்றிலும் காலி மனைகள், பின்பக்கம் இடுப்பளவு சுவர். "சார், பின்பக்கம் ஒண்ணு கட்டாயம் வேணும்" என்றேன். அவர் கேட்காததுபோல என்னை வாசலுக்கு அழைத்துப் போய், பக்கத்து வீட்டுக் கேட்டைக் கை நீட்டிக் காட்டினார். அங்கே இருப்பது அவருடைய கூடப் பிறந்த அண்ணன்.

"திருடன் எப்பவோ ஒருநாள் வருவான் சார். எங்க அண்ணன் தினம் வர்றாரு."

ஸ்டேஷனில் ஒருவர்

கள்ளிக்குப்பத்தில் ஒரு தெருவில் பைக் காணாமல் போனது. தெருவின் நலச்சங்கச் செயலாளர் ராமலிங்கம், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புகார் கொடுக்கப் போகும்போது, கேமரா போடுவதாகவும் சொல்லிவிடலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஸ்டேஷனில் ஒரு பெண் காவலர் மட்டும் இருந்தார். மற்றவர்கள் எல்லாம் எங்கோ நடக்கும் பொதுக்கூட்டத்துக்குப் பந்தோபஸ்து போயிருந்தார்கள். புகாரை எழுதிக்கொண்டே ஒலிக்கிற போனையும் எடுத்து, உள்ளே வருகிறவர்களை உட்காரவும் சொன்னார்.

"எங்க தெருப் பக்கம் ரோந்தே வர்றதில்லையேம்மா?" என்று ராமலிங்கம் கொஞ்சம் குரலை உயர்த்தினார். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"வரேன் சார். ஸ்டேஷனைப் பூட்டிச் சாவியை உங்ககிட்ட கொடுத்துட்டு வரட்டுமா?"

இஸ்திரி வண்டி

தெருவில் வசூலான பணத்துக்கு இரண்டு கேமராதான் வந்தது. தெருவுக்கு இரண்டு முனை. ஒன்று மெயின் ரோடு பக்கம். அங்கே ஏழுமலையின் இஸ்திரி வண்டி நிற்கிறது. இன்னொன்று காலி மனைகள் பக்கம். முனைக்கு ஒன்று என்றேன். ராமலிங்கம் இரண்டையுமே வண்டியைப் பார்த்து வைக்கச் சொன்னார். "யார் வீட்ல யார் இல்லேன்னு துணி வாங்கப் போறவனுக்குத்தானே தெரியும்? அந்தப் பக்கம் ஆளே கிடையாது, அங்க எதைப் பார்க்கறது?" இன்னொரு திருட்டு நடந்தால் வண்டியைத் தெருவில் நிற்க விடுவதில்லை என்று சங்கத்தில் முடிவும் செய்துவிட்டார்கள். அந்த முனையை விட்டால் ஏழுமலைக்குப் பிழைப்பு இல்லை.

நான் ஏன் அழுத்திச் சொல்லவில்லை? எனக்கும் அவர்மேல் ஒரு துளி சந்தேகம் இருந்ததோ என்னவோ. ஏணியில் நின்று கேமராவைத் திருகும்போது ஏழுமலை கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தார். எல்லாம் தெரிந்த முகம். ஆனாலும் சிரித்தார்.

"இன்னா அண்ணாத்தே, போட்டோ புடிக்கிறியா? முன்னாடியே சொல்லியிருந்தா நானும் ஒரு இஸ்திரி சட்ட போட்டுகினு வந்திருப்பேன்ல."

பட்டப்பகலில் ஸ்கூட்டர்

அடுத்த மாதமே ஒரு மத்தியானம், ராமலிங்கத்தின் எதிர்வீட்டு ஸ்கூட்டர் போய்விட்டது. இஸ்திரி வண்டியைக் காலி பண்ணச் சொல்ல நாலு பேர் கிளம்பினார்கள். அதற்குள் அந்தப் பெண் காவலர் வந்து, என்னையும் வரவழைத்து, கேமராப் பதிவைப் போடச் சொன்னார். போட்டேன். இரண்டு கேமராவிலும் ஏழுமலை. முன்னால் இருந்து தேய்க்கிறார், பின்னால் இருந்து தேய்க்கிறார். நடுவில் ஒருமுறை முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஸ்கூட்டர் அந்தப் பக்கம் வரவேயில்லை. காலி மனைகள் வழியாகப் போயிருக்க வேண்டும். கிளம்பின நாலு பேரும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

பெண் காவலர் திரையை விட்டு மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் யார் யாரிடம் என்ன பேசினேன் என்று அந்த நிமிடமே எனக்குள் விசாரணை ஆரம்பித்துவிட்டது.

"எந்தப் பக்கம் கேமரா பார்க்கலேன்னு வெளியாளுக்கு எப்படி சார் தெரியும்? மாட்டினவருக்குத்தானே தெரியும்?"

மறுபடியும் ஏணி

என்னை இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். மேற்கொண்டு விசாரிக்க அவர்களுக்கும் ஆள் இல்லை. ராமலிங்கம் போன் செய்து, இரண்டு கேமராவையும் காலி மனைகள் பக்கம் திருப்பச் சொன்னார். ஏழுமலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்றைத் திருப்பிவிட்டு இரண்டாவதற்கு ஏணியை நகர்த்தினேன். ஏழுமலை தேய்ப்பதை நிறுத்திவிட்டு ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். விழாமல் இருக்கப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். ஏறவிடாமல் பிடித்திருந்தார். இந்த முறை சிரிப்பு இல்லை.

"அண்ணாத்தே, இத்த மட்டும் எம்மேலயே உட்டுடு. இது என்னப் பாத்துகினு கீற வரைக்கும்தான் நான் திருடன் இல்ல."

ஒயர் எட்டவில்லை என்று ராமலிங்கத்திடம் சொல்லிவிட்டேன். பாதுகாப்பு விற்கிறேன் என்று கடைப் பலகையில் எழுதி வைத்திருக்கும் எனக்கு, அதை நிஜமாகவே பெற்றுக்கொண்ட ஒரே ஆளாகக் கிடைத்தவர், சந்தேகப்பட்டு மாட்டிய கேமராவைத் திருப்ப விடாத அந்த இஸ்திரிக்காரர்தான்.