குளவி கட்டிய காரில் விமான நிலையத்துக்கு

மாசி மாதம் ஒரு வார லீவில் நாகர்கோவில் வந்திருந்தேன். திரும்பும் அன்று, திருவனந்தபுரத்திலிருந்து மதியம் சென்னைக்குக் கிளம்பும் விமானத்தின் கருவிகளை நான் சோதித்துத் தரவேண்டும். அதுதான் என் வேலை. பஸ்ஸை நம்பாமல் வாடகைக் காரில் பங்குக்கு ஏறினேன். தலைக்கு நாலு ரூபாய். நாற்பது மைலுக்குச் சற்று மேல். இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்றார்கள். நம்பாதீர்கள்.

டிரைவர் பெயர் தங்கையன். கூட வந்தவர் கொப்பரை வியாபாரி செல்லப்பன்; அதே விமானத்தில் முதல்முறையாகப் பறக்கப் போகிறவர். வில்லுக்குறி தாண்டியதும் வண்டி நின்றது. தங்கையன் இறங்கி, பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திறந்து மூடினார், கிளம்பியது. தக்கலையில் மறுபடி நின்றது. குழித்துறைப் பாலத்துக்கு முன்னால் மறுபடியும்.

"கார் நின்னா எறங்கித் தள்ளலாம். உமக்க பிளேன் மேல நின்னா நான் எங்க எறங்கி தள்ளுவேன், சாரே?" என்றார் செல்லப்பன். நானும் இறங்கித் தங்கையன் பக்கத்தில் போய் நின்றேன்.

மூடியைத் திறந்தபோது உஸ்ஸென்று காற்று உள்ளே போனதைக் கேட்டேன். டாங்கிக்குக் காற்றுப் போக ஒரு சிறு குழாய் உண்டு. அது அடைத்தால் பெட்ரோல் இறங்காது. குனிந்து பார்த்தேன். குழாய் வாயில் குளவியின் மண்கூடு, காய்ந்து இறுகிக் கிடந்தது. ஸ்குரூ டிரைவரை எடுத்ததும் தங்கையன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதியும் சாரே!"

"தெரிஞ்சுதான் ஓட்டுதீரா?"

"கல்யாணம் முடிஞ்சு எட்டு வருசம். முன்ன ரெண்டும் தங்கல்ல. இப்பம் அவளுக்கு ஏழு மாசம். குளவி வீட்டுல கட்டல்ல, எனக்க வண்டியில கட்டிச்சு. இத ஒடச்சிட்டு அவ மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"

வீட்டில் ஒருத்தி மாசமாக இருந்தால் நம் ஊரில் குளவிக்கூட்டை யாரும் கலைப்பதில்லை; கலைத்தால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். மடத்தனம் என்று சத்தமாகவே சொன்னேன். பிடி தளரவில்லை.

காற்றுக்கு வேறு வழி இருந்தால் போதுமே! மூடியை மட்டும் வாங்கிக்கொண்டு தள்ளிப்போய், கல்லில் வைத்து ஆணியால் சின்னத் துளை போட்டேன். அதன்பிறகு திருவனந்தபுரம் வரை வண்டி எங்கும் நிற்கவில்லை.

விமானத்திலும் இப்படி ஒரு குழாய் உண்டு. எதிர்க்காற்று அதில் புகுந்துதான் விமானிக்கு வேகத்தைக் காட்டும். அடைத்துக்கொண்டால் முள் பொய் சொல்லும். வேகம் குறைந்தது தெரியாமலே விமானம் விழலாம். அதனால் நிற்கும்போதெல்லாம் துணி உறை போட்டு வைப்போம், பறக்கும்முன் கழற்றிவிடுவோம். அன்று உறை தரையில் கிடந்தது. டார்ச் அடித்தேன். உள்ளே ஈர மண்.

இங்கே வேறு துளை போட வழியில்லை. கம்பியை எடுத்தவன் ஒரு நொடி நின்றேன். இது எந்த வீட்டுப் பிள்ளைக்கோ என்று தோன்றியது. என்மேலேயே எரிச்சல் வந்தது. சுரண்டினேன், இணைப்பைக் கழற்றிக் காற்றடித்தேன், முள் சரியாக ஏறி இறங்குவதைப் பார்த்தபிறகே கையெழுத்துப் போட்டேன். விமானம் தாமதமானது. ஆகட்டும்.

செல்லப்பன் என் விரலில் இருந்த மண்ணைப் பார்த்தார்.

"ஒடச்சிட்டீரா?"

"ஒடச்சிட்டேன்."

"அப்பம் ஏறலாம்" என்று படியேறினார்.

இந்த வழியாக விமானத்துக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். ஏறும்போது விமானத்தின் மூக்குப் பக்கத்துக் குழாயில் துணி உறை தொங்கினால் கூச்சப்படாமல் சத்தம் போடுங்கள். தங்கையன் வண்டி கிடைத்தால், டாங்கி மூடியில் உள்ள துளையை அடைத்துவிடாதீர்கள். பக்கத்துக் குழாயைச் சித்திரை முடியும்வரை யாரும் தொடவேண்டாம்.