பாலைவனத்தில் ஏன் வனம்?

சகாரா பாலைவனத்தில் ஒரு காலத்தில் எவ்வளவு மழை பெய்தது என்று கலிஃபோர்னியாவில் ஏசி அறையில் உட்கார்ந்து கணக்குப் போடுவது என் பிழைப்பு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கிரீன் கார்டு வரிசையில் கால் கடுக்க நிற்கும் தோழர்களே, உங்களுக்குப் புரியும்: வேலை போனால் விசாவும் போச்சு.

மணல் எங்கே?

இங்குள்ள லிவர்மோர் கோயிலில் புளியோதரை வரிசையில் ஓர் அங்கிள் என்னைப் பிடித்துக்கொண்டார். சென்னையில் ரியல் எஸ்டேட் செய்தவர், மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார். சகாராதான் என் வேலை என்றதும், “ஒரே மணல்தானேம்மா, அதுல ரிசர்ச் பண்ண என்ன இருக்கு?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. கால்வாசிதான் மணல், மீதியெல்லாம் கல்லும் பாறையும் மலையும், சில சிகரங்களில் பனிகூட விழும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

“அவ்ளோ இடம் சும்மாவா கெடக்கு? யாரும் பிளாட் போடலையா?”

பாதி வழி மழை

எங்கள் குழுத் தலைவர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். தலையில் கல்லைப் போடுவதானாலும் ‘ங்க’ சேர்த்துத்தான் போடுவார். சில ஆயிரம் வருடங்களுக்கு முன் சகாராவில் ஏரிகள் இருந்தன, நீர்யானைகள் இருந்தன. பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடுவதால் அன்று அங்கே கோடை வெயில் இன்னும் உக்கிரம். அது பருவமழையை வடக்கே இழுத்தது. இதையெல்லாம் கொடுத்தும் எங்கள் கம்ப்யூட்டர் சகாராவில் மழை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. பணம் கொடுப்பவர்களின் ரிவ்யூவுக்குள் மழை வடக்கே ஏறாவிட்டால் ப்ராஜெக்டை மூடிவிடுவார்கள். ஆனாலும் விடமாட்டேன் என்று தலைவரிடம் சொன்னேன்.

“விடாதீங்க. ஆனா ரெஸ்யூமையும் அப்டேட் பண்ணி வெச்சுக்குங்க.”

சொல்வதெழுதல்

தமிழ்ப் பள்ளிக்குப் போகும் வழியில் காரில் மகளுக்குச் சொல்வதெழுதல். “பாலைவனம்” என்றேன். “பட் அம்மா, வனம் மீன்ஸ் ஃபாரஸ்ட். டெஸர்ட்ல எதுக்கு ஃபாரஸ்ட்?” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலில் மழை வரட்டும், புல்லைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் சகாராவை இன்றைய மொட்டைத் தரையாகவே விட்டிருந்தோம். புல் இருந்தால்தானே ஈரம் மேலே திரும்பும், தூசி அடங்கும்? திங்கட்கிழமையே புல்லையும் ஏரிகளையும் வைத்து ஓட்டினேன். புரோகிராம் கவிழ்ந்தது. திருத்தினேன், மறுபடி கவிழ்ந்தது, மறுபடி திருத்தினேன். கடைசியில் மழை வடக்கே ஏறியது. முழுதாக இல்லை, ஆனால் நன்றாகவே ஏறியது. ரிவ்யூ முடிந்து தலைவர் என் மேசைக்கு வந்தார்.

“மழை இன்னும் பத்தலையாமுங்க. பத்துற வரைக்கும் நம்மளையே பார்க்கச் சொல்லிட்டாங்க.”

சகாரா மறுபடி பச்சையாக இன்னும் பல்லாயிரம் வருடம் ஆகுமாம். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் நமக்கு அதெல்லாம் ஒரு காத்திருப்பா?