பேன் தின்னும் பேன்

அக்காள்மடத்தில் எங்கள் மல்லிகை நாற்றுப் பாத்திகளுக்கு மருந்தடிப்பது என் வீட்டுக்காரரின் வேலை. கழுத்தில் ஓர் இலை உரசினாலே கூசுகிறது என்று நெளிகிற மனிதர். தை மாதம் திடீரென்று கண்ணை மூடிவிட்டார். அதற்குப் பிறகு தெளிப்பானை நான் தொடவில்லை. கொள்கை ஒன்றுமில்லை, எழுந்திருக்கத் தோன்றவில்லை. சோறு வைத்தால் தின்றேன். "கல்லு மனசுக்காரி, அழவே இல்ல" என்று ஊர் பேசியது. அழுகை வரவில்லை, நான் என்ன செய்ய.

மாசி வெயிலில் இலைகள் வெளுத்தன. திருப்பிப் பார்த்தால் நூலாம்படை, அதற்குள் சிவப்புச் சிலந்திப் பேன். கொழுந்தனார் வந்து பார்த்தார்.

"பங்குனி பொறந்ததும் பரமக்குடி வியாபாரி வாராரு. மல்லிகக் கன்னு வேணாம்னுட்டுப் போயிட்டா, பாத்திய நான் பாத்துக்கிறேன். நீங்க தொண்டிக்குப் போயிருங்க மதினி."

தொண்டியில் என் அண்ணன் வீடு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை என்று சொல்ல மாட்டேன், கொழுந்தனார் நல்ல மனிதர்தான். ஆனால் அங்கே போனால் ஆயுசுக்கும் நான் விருந்தாளி. எனக்கென்று இருந்தது இந்த மணல் மட்டும்தான். அதுகூட இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

வேளாண்மை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் ஒரு டப்பா கொடுத்தாள். உள்ளே தவிடு, தவிட்டுக்குள் பேன் தின்னும் பேன்.

"முள்ள முள்ளால எடுக்கிறதுதான்க்கா. தூவி விட்டுட்டு ஒரு சொட்டு மருந்து அடிக்கக் கூடாது, இதுக செத்துப் போயிரும். வெள்ளத் தாளுல இலையத் தட்டிப் பாருங்க. விறுவிறுன்னு ஓடுனா நம்ம ஆளு. அசமந்தமா நின்னா பகையாளி."

அசமந்தமாக நிற்பதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டில் இருந்த வெள்ளைத் தாள், மிஞ்சிப்போன கருமாதி அட்டைகள்தான். முன்பக்கம் அவர் படம், பின்பக்கம் வெற்றுத் தாள். தவிட்டைத் தூவிய பிறகு, படத்தைப் பார்க்காமல் குப்புறப் பிடித்துத் தினமும் காலையில் இலையைத் தட்டினேன். முதல் வாரம் எல்லாமே நின்றன. அப்புறம் ஒன்றிரண்டு ஓடின. சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. எண்ணிவிட்டு அட்டையை உதறினேன்.

வியாபாரி வருவதற்கு இரண்டு நாள் முன்பு, கொழுந்தனார் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"தள்ளுங்க மதினி. ஒரு டேங்க் அடிச்சு விட்டுட்டுப் போறேன்."

பாத்திக்குக் குறுக்கே போய் நின்றேன். "அடிச்சா என் மேலதான் படும் தம்பி."

தெளிப்புக் குழாயைக் கீழே இறக்கினார். "என்னமோ பண்ணுங்க" என்று போய்விட்டார்.

வியாபாரி வந்தார். புதுத் தளிர்கள் பச்சையாக இருந்தன. ஆனாலும் நம்பாமல் ஓர் இலையைக் கிள்ளி, "தாள் இருக்கா?" என்றார். அட்டையை நீட்டினேன். பின்பக்கத்தில் தட்டிப் பார்த்தார்.

"ஓடுதே. பேனுதான இது?"

"பேன் திங்கிற பேனு. கன்னோட சேத்துத்தான் தாரேன், கொண்டு போங்க."

சிரித்துவிட்டார். "சரி, ஏத்தச் சொல்லுங்க" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

படம் மேலே இருந்தது. விளிம்பைத் தாண்டி வந்த ஒரு பேன் என் வீட்டுக்காரரின் கன்னத்தில் ஏறி, கழுத்துப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஐயோ, கூசுமே என்று தட்டிவிடக் கையைக் கொண்டுபோனேன்.

அப்போதுதான் அழுதேன்.