ரோட்டைப் பார்த்த வாசல்

மலைக்குக் கீழே, கோயமுத்தூர்ப் பக்கத்து வடகரப்பதியில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது என்று சொன்னால் மூணாற்றில் இன்னும் சிலர் என்னைப் பொறாமையாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அந்த வீட்டைச் சும்மா கேட்டால்கூடக் கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றாத நாளில்லை. கேட்கத்தான் ஆளில்லை.

என் கணவர் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். நான் மூணாறு கடைவீதியில், சுற்றுலா வருகிறவர்களுக்குத் தேயிலைத் தூளும் சாக்லேட்டும் விற்கிற கடையில் நின்றவள். நான் பிறந்ததும், வாழ்க்கைப்பட்டதும், இரண்டு பெண்களைப் பெற்றுக் கட்டிக்கொடுத்ததும் கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீடுகளில்தான். ஒரு வீட்டில் யாராவது இறந்துபோனால், வேலைக்கு வரும் அடுத்த குடும்பத்துக்கு அதை ஒதுக்கிவிடுவார்கள். வெள்ளையடித்துவிட்டுக் குடிபோவார்கள். யாரும் எதுவும் கேட்டதில்லை. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். இவருக்கு ஓய்வு நெருங்க நெருங்க நான் நினைத்துக்கொண்டே இருந்தது அதைத்தான். மலையை விட்டு எங்கே போவது? மூணாற்றில் சொந்தமாக இடம் வாங்குவது எங்களைப் போன்றவர்களுக்கு நடக்கிற காரியமில்லை. வாடகைக்கு ஒற்றை அறை கிடைத்தாலும் போதும், ஆனால் அந்த வாடகை மாதாமாதம் எங்கிருந்தாவது வர வேண்டுமே.

மழைக்காலத்தில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது கைபேசியில் வீடியோ பார்த்துப் பழகினேன். கோட்டுப் போட்ட ஒருவர், பழைய வீட்டை வாங்கு, பழுது பார், வாடகைக்கு விடு, காலாட்டிக்கொண்டு சாப்பிடு என்று தினமும் சொன்னார். ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல் வைத்தால் இரண்டு வாடகை என்றார். அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். கீழே, சமவெளியில் விலை மலிவான இடத்தில் பழைய வீடொன்றை வாங்குவது, அதன் வாடகையில் நாங்கள் மலையிலேயே இருந்துகொள்வது. இதுதான் திட்டம். இவருக்கு ஓய்வில் வரவிருந்த பணத்தை நம்பி, என் நகையை அடகு வைத்து இறங்கினோம்.

தரகர் காட்டிய மூன்றாவது வீடு அது. ஓட்டு வீடு, சுடாத மண்கல் சுவர், பக்கத்துச் சந்துப் பக்கமாக ஒரே வாசல்.

"ஏனுங்க்கா, இந்த வெலைக்குக் கோயமுத்தூர்ல கக்கூசுகூடக் கட்ட முடியாதுங்க" என்றார் தரகர்.

"இத்தன நாளா ஏன் பூட்டிக் கெடக்கு?" என்று நான் கேட்கத்தான் செய்தேன்.

"புள்ளைக எல்லாம் பெங்களூருல இருக்கறாங்க. ஊட்டப் பாக்க ஆளில்லீங்க."

அது பொய்யில்லை. பிள்ளைகள் பெங்களூரில்தான் இருந்தார்கள். பத்திரத்தை அங்கே ஆதாரம் என்பார்கள். அதை ஒரு வக்கீலிடம் காட்டினோம், வில்லேஜ் ஆபீசில் கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீதைப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. காகிதம் சுத்தமாக இருந்தால் வீடும் சுத்தம் என்று நினைக்கிற ஆட்கள் நாங்கள்.

வேலைக்கு உள்ளூர்க் கொத்தனாரை வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. இவருடைய சித்தப்பா மகன் எங்கள் மலைப் பக்கம் சாந்தன்பாறையில் ஏலக்காய் ஸ்டோர் கட்டுகிறவர். சொந்தக்காரர் என்றால் ஏமாற்ற மாட்டார் என்று அவரைக் கூட்டி வந்தோம். ரோட்டுப் பக்கச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குப் பூச்சு மட்டும் வேறு நிறமாக இருப்பதை அவர்தான் முதலில் பார்த்தார். தட்டிப் பார்த்தால் மண்கல்லுக்கு நடுவே சுட்ட செங்கல்.

"மதினி, இங்கன முன்னாடி வாசல் இருந்து அடைச்சிருக்காக. ஒடச்சா லேசா வந்துரும்" என்றார். பிறகு மேலே பார்த்துவிட்டு, "ஆனா மேல உத்தரக் கட்டையக் காணோமே. வாசல்னா கட்ட இருக்கணுமில்ல?" என்று தலையைச் சொறிந்தார்.

நான் தலையைச் சொறியவில்லை. கோட்டுக்காரர் சொன்ன இரண்டாவது வாசல், கடவுளே அடையாளம் போட்டுக் கொடுத்தது மாதிரி எதிரில் நின்றது. உடைக்கச் சொன்னேன்.

எதிர்வீட்டு அம்மாள் தோட்டம் துரவு உள்ள குடும்பம். வேலியருகே வந்து நின்று, "அங்கயாங்க வாசல் வெக்கறீங்க?" என்று கேட்டார்.

"ஆமாக்கா, ரோட்டப் பாத்து இருந்தா நல்ல காத்து வரும்ல" என்றேன்.

"செரீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த ஊரில் அதற்கு மேல் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பிறத்தியார் வீட்டுக் காரியத்தில் ஒரு கேள்வி கேட்டாலே பெரிய எச்சரிக்கை. லயத்தில் அடுத்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மூடியைத் திறந்து பார்த்து உப்புப் போதாது என்று சொல்கிறவர்களுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். அந்தக் கேள்வியில் இருந்தது எனக்கு எப்படிப் புரியும்?

விடுமுறை கிடைத்தபோதெல்லாம் இவர் இறங்கிப் போய் வேலை செய்தார். பழைய மரக்கடையில் ஓர் அயனி மரக் கதவு வாங்கி, இழைத்து, வார்னிஷ் அடித்தார். வீட்டை இரண்டாகப் பிரிக்கிற நடுச்சுவரைத் தன் கையாலேயே சிமெண்டுக் கல்லில் எழுப்பினார். தனக்கென்று ஒரு சுவர் கட்டியதில் அப்படியொரு சந்தோஷம் அவருக்கு. "ஏ புள்ள, தட்டிப் பாரு, தட்டிப் பாரு" என்று என்னைத் தட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். சிமெண்டுத் தூசியில் இருமல் வந்தது. ஃபேக்டரித் தூசியில் ஏற்கெனவே இழுப்பு உண்டு. சரியாகிவிடும் என்றார்.

வாடகைக்குப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். பின்பக்கம் நல்லா இருக்குது, முன்பக்கம் இன்னும் நல்லா இருக்குது, சாயங்காலம் சொல்றோமுங்க என்று போவார்கள். முக்கில் உள்ள டீக்கடையைத் தாண்டினால் அவ்வளவுதான், போனை எடுக்க மாட்டார்கள். கடைசியில் செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள் முன்பக்கத்தில் குடிவந்தார்கள். அவர்களும் அந்த மாதம் முடிவதற்குள் மூட்டையைக் கட்டிவிட்டார்கள். அந்த ஊரில் யாருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் அந்த வீட்டு விஷயத்தை மட்டும் எப்படியோ விளக்கிவிட்டார்கள், மகராசர்கள்.

நான் நேராக எதிர்வீட்டுக்குப் போய், வருகிறவர்களை என்ன சொல்லி விரட்டுகிறீர்கள் என்று கத்தினேன். அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை. "உக்காருங்க" என்று மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"அந்தப் பழைய ஊட்டுக்காரரு அடப்பு நட்சத்திரத்துல, ஆகாத நாள்ல போய்ச் சேந்துட்டாருங்க. அப்பிடிப் போனா, போன உசுரு திரும்பி வந்துருமுன்னு வாசல் வழியா எடுக்கறதில்லீங்க. செவுத்த ஒடச்சு, அதால எடுத்துட்டு, மறுபடி அடச்சு ஊட்டப் பூட்டிருவாங்க. அந்த எடத்துல போயி நீங்க நெலவு வெச்சு வாசலாக்கிட்டீங்க. நாந்தான் அன்னைக்கே கேட்டனேங்க."

பிணம் போன பாதையைத் திறந்து, கதவு மாட்டி, மஞ்சள் குங்குமமும் வைத்திருக்கிறோம். லயத்தில் கம்பெனிச் சுவரை உடைக்க யாருக்கும் உரிமை கிடையாது, அதனால் அப்படி ஒரு வழக்கமே எங்களுக்குத் தெரியாது. திரும்ப அடைத்துவிடலாமா என்று கேட்டேன். ஒருக்கா தொறந்தது தொறந்ததுதானுங்க என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊரையே திட்டித் தீர்த்தேன். மூடநம்பிக்கை, முட்டாள் ஊர், நாசமாகப் போங்கள் என்றெல்லாம் சொன்னேன். விற்கவும் பார்த்தோம். அதே தரகர், "பாக்கலாமுங்க்கா" என்று போனவர் போனவர்தான்.

ஓய்வு வந்தது. லயத்துச் சாவியைக் கொடுத்தோம். வாடகை வராத வீட்டுக்கு நாங்களே குடித்தனம் வந்து சேர்ந்தோம். முன்பக்கத்தில் கொஞ்சம் காற்று வரும் என்பதால் அதில் இருந்தோம், பின்பக்கம் காலியாகக் கிடந்தது. பங்குனி வெயிலில் ஓட்டுக்குக் கீழே அவர் மூச்சுக்குத் தவித்ததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "மலைக்குப் போயிருவோம் புள்ள, ஒரு ரூம்பு போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஒரு ரூமுக்குத்தான் இத்தனையும் செய்தோம். அது மட்டும் கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்தார் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. இளநீர் கொண்டுவந்தார்கள், ஆஸ்பத்திரிக்கு வண்டி கொடுத்தார்கள். ஆனால் அந்த வாசல்படியை ஒருவரும் மிதித்ததில்லை, ரோட்டிலேயே நின்று கூப்பிடுவார்கள்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் பெண்கள் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். எடுக்கிற நேரம் வந்தபோது வெளியே ஆண்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு நின்றார்கள். எதிர்வீட்டு அம்மாள் முதல்முறையாக அந்தப் படியேறி உள்ளே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"இன்னைக்கு அடப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நல்ல நாளுதானுங்க. அவருக்கு என்னத்துக்குங்க இந்த வழி? நடுச்செவுத்த ஒடச்சுட்டா, அந்தப் பக்கம் பழைய வாசல் வழியா மருவாதியா எடுத்தரலாமுங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க, எங்க ஆளுங்க ஒடச்சுருவாங்க."

அந்தச் சுவரையா? தட்டிப் பாரு, தட்டிப் பாரு என்றாரே, அந்தச் சுவரையா? மூத்தவள், "அம்மா, இதெல்லாம் நாம நம்புறதில்லையே" என்றாள். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். ஊரெல்லாம் பயந்து விலகுகிற வழியாகவா இவர் போக வேண்டும்? அத்தனை நாள் நான் வாய் கிழியப் பேசிய பேச்சில் ஒன்றுகூட அப்போது என் துணைக்கு வரவில்லை.

"இடிங்க" என்றேன்.

கடப்பாரை விழுகிற சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. சுவர் உறுதியாகத்தான் இருந்தது, அவர்கள் ரொம்ப நேரம் இடிக்க வேண்டியிருந்தது.