சகலனின் விமானத்தில் நான் பூட்டிய ஹைட்சுங்

என் சகலன் சொந்தமாக விமானம் கட்டத் தொடங்கியது 2009இல். சகலன் என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். சுவிஸில், வின்டர்தூர் நகரத்தில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறான். வயதில் இளையவன், என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவான், ஒருநாளும் எனக்கு எதிராக வாய் திறந்ததில்லை. அவன்மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை. அவன் பேச்சை எடுத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் ஆட்கள் பலரையும்போல நானும் வந்த புதிதில் எங்கடின் மலைப்பக்கம் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். பிறகு ஜெர்மன் படித்து, ஹைட்சுங், அதாவது குளிருக்குச் சூடாக்கி பூட்டுகிற வேலை பழகி, வீடுகளுக்குச் சூடு பூட்டுகிற ஆளானேன். இந்த நகரத்தில் எத்தனையோ வீடுகளில் சனம் ஜனவரி மாதம் பெனியனோடு உலாவுகிறது என்றால் அது என் கைவேலை. அதைப்பற்றி யாராவது ஒரு வார்த்தை? கோயில் திருவிழாவுக்குப் போனால் அன்னதான வரிசையில் நிற்கிறவர்கூடத் திரும்பிக் கேட்பார்.

"உங்கட சகலன் பிளேன் செய்யிறாராம். உண்மையோ?"

"ஓம்."

"பறக்குமோ?"

"விழாமல் இருந்தால் பறக்கும்" என்பேன். மனைவி பின்னால் நின்று முதுகில் கிள்ளுவாள்.

அவன் ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் நிற்கிறவன். விமானம் துண்டு துண்டாகப் பெட்டிகளில் வந்தது. ஒரு விவசாயியின் கொட்டிலை வாடகைக்கு எடுத்து, வேலை முடிந்து வந்து, தகடு தகடாகச் சேர்த்து ஆணி தறைத்தான். ஊர்ச்சனம் எல்லாம் போய்ப் பார்த்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தது. "அந்த மனுசன் வேலையால வந்து பிளேன் கட்டுது. நீங்கள் வேலையால வந்து சோபாவில படுத்துக்கொண்டு ரீவியோட சண்டை பிடிக்கிறியள்" என்பாள் என் மனைவி. நான் மட்டும் போய்ப் பார்க்கவில்லை. ஏன் போகவேண்டும்? எங்களுக்குள் ஒரு முறை இருக்கிறது. கலியாணமோ சாமத்திய வீடோ, வீட்டுக்கு நேரே வந்து சொன்னால்தான் அழைப்பு. இவன் என்ன செய்தான்? "அண்ணையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டான். நான் என்ன கடைக்குக் கொண்டுபோகிற பையா, கூட்டிக்கொண்டு போவதற்கு?

அப்படியே வருடங்கள் போயின. இறக்கை பூட்டியாயிற்று. எஞ்சின் வந்தாயிற்று. அவன் விமானம் ஓட்டப் படித்துப் பாஸும் பண்ணிவிட்டான். ஒவ்வொரு செய்தியும் மனைவி வாயால் வந்து என் வயிற்றில் நெருப்பாக விழுந்தது. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தாலும், எனக்குள் ஒரே ஒரு ஆசைதான். அந்த விமானத்தில் ஒரு துண்டாவது என்னுடையதாக இருக்கவேண்டும். அது இல்லாமல் அவன் பறக்கக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவன் மனைவியோடு நேரே வந்தான். கையில் கேக் பெட்டி. கதிரையின் நுனியில் இருந்துகொண்டு சொன்னான்.

"அண்ணை, எல்லாம் முடியுது. ஹைட்சுங் மட்டும்தான் மிச்சம். அதை நீங்கள்தான் பூட்டித் தரவேணும். வேற ஆரிட்டயும் குடுக்க எனக்கு மனமில்லை."

என் உள்ளம் எழும்பி ஆடியது. முகத்தை மட்டும் இறுக்கி வைத்துக்கொண்டு, "பாப்பம் தம்பி, இப்ப வேலை கூட" என்றேன். அடுத்த கிழமை இன்னொரு கேக்கோடு வந்தான். பிறகுதான் ஓம் என்றேன்.

விமானம் அப்போது ஒரு சின்ன விமானத்தளத்தின் கொட்டகைக்கு வந்துவிட்டது. முதல்முறை பார்த்தபோது, சும்மா சொல்லக் கூடாது, அழகாக இருந்தது. அந்த அழகும் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற வண்டி. இடப்பக்கம் ஓட்டுகிறவன், வலப்பக்கம் மற்றவர். வீட்டு ஹைட்சுங்போல இதில் தண்ணீரும் இல்லை, பம்பும் இல்லை. எஞ்சினின் புகைக் குழாய் கொதிக்கும் அல்லவா, அதைச் சுற்றித் தகட்டால் ஒரு சட்டை போடவேண்டும். வெளிக்காற்று அந்தச் சட்டைக்குள் புகுந்து சூடாகி, குழாய் வழியே ஆட்கள் இருக்கிற பக்கம் வரும். வேண்டாத நேரம் வெளியே திருப்பிவிட ஒரு அடைப்பு. புகைக் குழாயில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலும் போதும், புகை உள்ளே வந்து ஆளை நித்திரையாக்கிவிடும். ஆகவே ஒவ்வொரு பொருத்தையும் கண்ணாடி பிடித்துப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். இவ்வளவு கவனமாக என் சொந்த வீட்டுக்குக்கூடச் செய்ததில்லை.

வரைபடத்தில் குழாய் இரண்டாகப் பிரிந்து ஓட்டுகிறவன் காலுக்கு ஒன்று, மற்றவர் காலுக்கு ஒன்று என்று போனது. எனக்கு அது பிடிக்கவில்லை. "இருக்கிற காத்தே கொஞ்சம். அதையும் ரெண்டாப் பிரிச்சால் ரெண்டு பேருக்கும் இல்லை. வீட்டில ரேடியேற்றரை எங்க வைக்கிறம்? ஜன்னலுக்குக் கீழ. குளிர் எங்க கூடவோ அங்க ஒரே இடத்தில குடுத்தால் அறை முழுக்கச் சுத்தி வரும்" என்றேன். வலப்பக்கக் கதவில்தான் காற்றுப் புகுகிற நீக்கல் அதிகம். அங்கே ஒரே வாயாக வைத்தேன். "நீங்கள் சொன்னால் சரி அண்ணை" என்றான் சகலன்.

பரிசோதகர் வந்தார். முழங்காலில் இருந்து, விளக்குப் பிடித்து, ஒவ்வொரு பொருத்தாகத் தடவிப் பார்த்துவிட்டு "சௌபர்" என்றார். துப்புரவான வேலை என்று அர்த்தம். சுவிஸ்காரன் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வராது. அன்றைக்கு நான்தான் அந்த விமானத்தையே கட்டியவன்போலக் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் தனியே பறந்தான். சோதனைப் பறப்பு முடியும்வரை வேறு ஆளை ஏற்றக் கூடாதாம். ஒவ்வொரு முறை இறங்கியதும் நான் கேட்பேன்: "சூடு எப்பிடி?" அவன் சொல்வான்: "அந்த மாதிரி அண்ணை!" பிரமாதம் என்று அர்த்தம். எனக்கு அது போதும். பிறந்தநாள் விழாக்களில் நாலு பேர் சேர்ந்தால் நான் தொடங்கிவிடுவேன். "பிளேனை ஆரும் கட்டலாம். மேல போய் விறைக்காமல் திரும்பி வரவேணுமே! தம்பி பறக்கிறது என்ட சூட்டில." அவன் பக்கத்தில் நின்று தலையாட்டுவான். சனம் என்னைப் பார்க்கும். அந்த நேரம் மட்டும் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கும்.

ஆள் ஏற்றலாம் என்று ஆனதும் எனக்கு அடுத்த எரிச்சல் பிடித்தது. அந்த வலப்பக்க இருக்கையில் முதலில் யார்? அவனுடைய தொழிற்சாலை மேலாளரா? பறக்கப் பழக்கியவரா? இரண்டு நாள் இதே யோசனை. அவன் நேரே வந்தான். "முதல் ஆள் நீங்கள்தான் அண்ணை." கோதாரி, அதிலும் எனக்குக் குறை சொல்ல இடம் வைக்கவில்லை.

பெப்ரவரி மாதம். வயலெல்லாம் வெள்ளை. அவன் பனிச்சறுக்குக்குப் போகிறவன்போல ஒரு பெரிய சப்பாத்தும், கைக்குத் தடித்த கையுறையும், கழுத்துவரை மூடிய ஜக்கெற்றுமாக வந்து ஏறினான். பெரிய பைலற் என்று படம் காட்டுகிறான், காட்டட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே எழும்பியதும் அவன் அடைப்பைத் திறந்தான். ஆகா! என் காலில் சூடு வந்து கொட்டியது. நகரம் கீழே சின்னதாகிக்கொண்டு போனது. நான் சூடு பூட்டிய கட்டடங்களை விரலால் காட்டிக் காட்டிச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வேர்க்கத் தொடங்கியது. ஜக்கெற்றைக் கழற்றினேன். கழற்றும்போது என் கை அவன் பக்கம் போனது. ஐஸ் பெட்டிக்குள் விட்டதுபோல இருந்தது. அப்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தேன். மூக்குச் சிவந்து, உதடு வெடித்து, ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மற்றக் கையைத் தொடைக்குக் கீழே வைத்திருந்தான். குனிந்து அவன் கால்பக்கம் கை வைத்தேன். அவன் பக்கக் கதவு விளிம்பால் குளிர்காற்று ஊசிபோல இறங்கிக்கொண்டிருந்தது. சூடு என் பக்கத்தால் வந்து, என் பக்கத்தாலேயே பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. வீடு வேறு, பறக்கிற வண்டி வேறு.

"எவ்வளவு காலமா இப்பிடி?" காதில் மாட்டியிருந்த கருவி வழியே கத்தினேன்.

"அது பரவாயில்லை அண்ணை."

"உம்மட்டைக் கேக்கிறன். எவ்வளவு காலமா?"

"முதல் நாளில இருந்து."

"விசரே உமக்கு? குழாயை ரெண்டாப் பிரிச்சு விட்டால் ஒரு பின்னேரத்து வேலை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

அவன் முன்னால் பார்த்துக்கொண்டே சிரித்தான். "உங்களுக்குச் சூடு காணுதுதானே அண்ணை?"

வெறும் இருக்கைக்குச் சூடு அடித்துக்கொண்டு, பக்கத்தில் விறைத்தபடி ஒரு குளிர்காலம் முழுக்கப் பறந்திருக்கிறான். இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்து "அந்த மாதிரி" என்றிருக்கிறான். நான் சபையில் நின்று அளந்தபோதெல்லாம் தலையாட்டியிருக்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு, கதவைத் திறந்து குதித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் போய் மனைவியிடம் கத்தினேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவும் இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள். "பறந்து வந்தால் தங்கச்சி நல்லெண்ணெய் சுடவைச்சுக் காலுக்குத் தேய்ச்சு விடுறவள்."

"பிறகு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"தம்பி சொல்லவேண்டாமெண்டவர். உங்களுக்குத் தெரிஞ்சால் நீங்கள் அந்தப் பக்கமே வரமாட்டியளாம். இவ்வளவு காலத்துக்குப் பிறகு அண்ணை என்னோட சிரிச்சுக் கதைக்கிறார், அது காணும் எண்டவர்."

அடுத்த சனிக்கிழமை போய்க் குழாயை இரண்டாகப் பிரித்துப் பூட்டினேன். இப்போது இரண்டு பேருக்கும் அளவான சூடு. அது சரிதான். ஆனால் இவ்வளவு காலமும் நான் எதைப் பார்த்து எரிந்தேன்? விமானத்தைப் பார்த்து. விமானம் என்ன, பெட்டி வந்தால், பொறுமை இருந்தால், நானும் கட்டிவிடுவேன். இன்னொருவன் முகம் வாடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு என்னால் ஒரு பின்னேரம்கூட விறைக்க முடியாது. அவனிடம் இருக்கிற அதுதான் எனக்கு வேண்டும், அது எந்தப் பெட்டியிலும் வராது. எனக்கு அவன்மேல் இப்போதும் பொறாமைதான், முந்தியதைவிட மோசமாக.