வளவுக்குள் கிடந்த வள்ளம்

பாலம் கழற்றி முடித்த அன்று கரையில் நின்றவர்களைச் சொல்கிறேன். ஐயா நின்றார். அம்மா நின்றார், தம்பி இடுப்பில். எங்கள் வள்ளத்தைக் கட்டிய ஓடாவி நின்றார். ஊர் வள்ளங்களுக்கு முதலாளியான சம்மாட்டியாரும் அவருடைய ஆட்களும் நின்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் நின்றார்கள், அன்று ஒருவரும் படிக்கப் போகவில்லை. யாழ்ப்பாணத்து அரசாங்கக் கந்தோரில் இருந்து வேலையை நடத்த வந்த ஓவசியர், கிறேன் றைவர், வேலைக்காரர். பிறகு நான். எனக்கு ஒன்பது வயது.

கடலில் இருந்து ஊருக்குள் வரும் வாய்க்காலுக்கு மேலேதான் அந்தப் பாலம். எங்கள் வீடு உட்பக்கம். பாலம் தாழ்வு, இரும்புத் தூண்கள் நெருக்கம். சின்னத் தோணி போகும். பெரிய வள்ளம் போகாது.

பக்கத்தில் உயரமாகப் புதுப் பாலம் வந்தது. சித்திரைக்குள் பழையதைக் கழற்றிவிடுவார்கள் என்று யாரோ ஐயாவிடம் சொன்னார்கள். ஐயா நம்பினார். ஓடாவியைப் பிடித்து வீட்டு வளவுக்குள்ளேயே பெரிய வள்ளம் கட்டினார். சித்திரை வந்தது. போனது. அடுத்த சித்திரையும் போனது. பழைய பாலம் நின்றது.

தரையால் இழுத்துக் கடலுக்குக் கொண்டுபோகலாம். இழுக்கிற ஆட்கள் எல்லாம் சம்மாட்டியாருடையவர்கள். ஐயா அவருடைய வள்ளத்தில் கூலிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். கூலிக்காரன் சொந்த வள்ளம் இறக்க அவர் ஆள் கொடுப்பாரா?

எங்கள் வளவைக் கடக்கும்போதெல்லாம் சம்மாட்டியார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

"டேய், உதுக்குக் கிடுகு வேய்ஞ்சால் குடியிருக்கலாமடா."

பலகை காய்ந்து வெடிக்கத் தொடங்கியது. இன்னொரு வெயில் தாங்காது என்று ஓடாவி சொன்னார்.

அப்போதுதான் கிறேன் வந்தது. இரண்டு லொறியும் வந்தது. முதலில் மேல்தட்டைக் கிளப்பினார்கள். பிறகு குறுக்குச் சட்டங்கள். இரும்பு கத்துகிற சத்தம் வீடுவரை கேட்டது. ஐயா ஒவ்வொரு நாளும் போய் ஓவசியரோடு ஏதோ கதைப்பார். திரும்பி வரும்போது முகம் விழுந்திருக்கும். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பாலம்தானே போகிறது.

அம்மா வேலைக்காரருக்குப் பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சத் தொடங்கினார். மத்தியானம் பானையைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போவார், கூழ் ஊற்றிக் குடிக்கிற பிலாவிலையோடு நான் பின்னால். றைவர் சிங்களவர். தமிழில் இரண்டு மூன்று சொல்தான் தெரியும். முதல் வாயில் உறைப்பு ஏறிக் கண் சிவந்தது. வேலைக்காரர் சிரித்தார்கள்.

"நல்லம், நல்லம்," என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு பிலாவிலையை நீட்டினார்.

நாலைந்து நாள் போனதும் அம்மா ஓவசியரிடம் சொன்னார்.

"தம்பி, கூழ் குடிச்சிட்டுச் சும்மா போகாதேங்கோ. உந்த றைவரையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கடை வள்ளத்திலை ஒருக்காக் கை வையுங்கோ."

"அக்கா, அதெல்லாம் எனக்குச் சரிவராது."

"கை வைக்க என்ன தம்பி, காசே கேட்டனான்?"

புது வள்ளம் கடலில் இறங்குவதற்கு முன் அதில் கை வைத்தவர்களுக்கு முதல் மீனில் பங்கு உண்டு. எங்கள் பக்கத்து வழக்கம். ஓவசியர் ஒரு விரலால் தொட்டார். றைவர் இரண்டு கையையும் வைத்தார். பலகையைத் தட்டிப் பார்த்தார். பிறகு கைகளை விரித்து வள்ளத்தின் அகலத்தை அளந்தார். அப்படியே விரித்த கையோடு பாலப் பக்கம் திரும்பினார். ஆடிக் காட்டுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன்.

கடைசி நாள் தூண்கள். காலையில் இருந்து ஒவ்வொன்றாக மூன்றைப் பிடுங்கினார்கள். ஒன்று மிஞ்சி நின்றது. வாய்க்காலில் ஆழம் அதன் அடியில்தான், மற்றப் பக்கம் மணல், பெரிய வள்ளம் தட்டும். வெயில் சாய்ந்தது. வேலைக்காரர் சங்கிலியைச் சுருட்டத் தொடங்கினார்கள். மற்றது நாளைக்கு என்று நான் நினைத்தேன். ஐயா மண்ணைப் பார்த்தபடி நின்றார்.

ஓவசியர் நெற்றியைப் பிடித்தார்.

"எனக்குத் தலையிடிக்குது. நான் அங்காலை இருக்கப்போறன்."

பூவரசு மரத்தடியில் போய்ப் பாலத்துக்கு முதுகு காட்டி இருந்தார். அம்மா ஓடிப்போய் மல்லித்தண்ணீர் அவித்து என்னிடம் தந்துவிட்டார். அவர் திரும்பிப் பாராமல் வாங்கிக் குடித்தார்.

றைவர் கிறேனை நிற்பாட்டவில்லை. சுருட்டிய சங்கிலியைத் திரும்ப அவிழ்க்கச் சொன்னார். மிஞ்சிய தூணில் கட்டினார்கள். கிறேன் உறுமியது. அதன் பின்சில்லு நிலத்தை விட்டு எழும்பியது.

"உது வராது," என்றார் சம்மாட்டியார். "வெள்ளைக்காரன் இறக்கினது."

கிறேன் இறங்கி, திரும்ப இழுத்தது. தூண் ஆடியது. பிறகு பல்லுப் பிடுங்கினதுபோல ஒரேயடியாய் வந்தது. கறுத்தச் சேறு வழிய வானத்தில் தொங்கியது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் கொக்குகள் எழும்பின. ஓடாவி தலைத்துண்டைக் கழற்றி மேலே எறிந்தார்.

ஐயா எங்கள் வளவுப் பக்கம் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். அவருக்குப் பின்னால் சம்மாட்டியார் கத்தினார்.

"என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறியள்? போய்க் கயித்திலை பிடியுங்கோடா!"

அவருடைய ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். அன்று வள்ளத்தில் முதலில் கை வைத்தவர் சம்மாட்டியார். வள்ளம் தண்ணீரில் இறங்கியது. வெடிப்புகளால் தண்ணீர் வந்தது. நானும் ஓடாவியும் இறைத்தோம், ஐயா மரக்கோலை ஊன்றித் தாங்கினார். தூண் நின்ற இடத்துக்கு மேலாலேயே போனோம். றைவர் கிறேன் ஹோர்னை விடாமல் அடித்தார். புதுப் பாலத்தில் நின்ற சனம் கை தட்டியது. வாய்க்கால் முடிந்து கடல் வந்தது. வள்ளம் அலையில் ஒருமுறை எழும்பி அமர்ந்தது.

முதல் மீனில் ஓவசியருக்கும் றைவருக்கும் இரண்டு பங்கு பஸ்ஸில் போனது, ஓலைப் பறியில். கிறேன் அப்போது கொக்குவிலில் நின்றது.

"அவை எங்களுக்கு ஆர் அம்மா?" என்று கேட்டேன்.

"வள்ளத்திலை கை வைச்ச ஆக்கள்."

ஓவசியருக்கு உண்மையாகவே தலையிடி என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். எனக்குக் கலியாணமான பிறகு ஒருநாள், கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா சொன்னார். கடைசித் தூணை விட்டுவிடச் சொல்லியிருந்தார்களாம், வெள்ளம் அளக்கிற பலகை அடிக்க. கந்தோர் உத்தரவில் இருந்தது மூன்று தூண்.

பிடுங்கியது நாலு.